ஒரே அறை, இரண்டு பேர்

அன்புத் தங்கைக்கு,

இறுதியாண்டு புராஜெக்டாக லாட்ஜ் நிர்வாகத்துக்கு ஒரு வெப் அப்ளிகேஷன் செய்யப்போவதாக எழுதியிருக்கிறாய். மகிழ்ச்சி. ரியாக்டா ஆங்குலரா, நோடா ஜாங்கோவா என்று கேட்டிருக்கிறாய். எது உன் கைக்குப் பழகியதோ அதையே எடுத்துக்கொள். டேட்டாபேஸ் மட்டும் போஸ்ட்கிரெஸாக இருக்கட்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கோடு எழுதும் முன் கும்பகோணத்திலோ மதுரையிலோ ஒரு லாட்ஜில் அனுமதி கேட்டு ரிசப்ஷனில் அரை நாள் உட்கார். பெரிய ஹோட்டல்களில் பகல் 12 மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். நம் ஊர் லாட்ஜ்கள் பலவற்றில் 24 மணி நேரக் கணக்கு: மாலை 4 மணிக்கு வந்தவருக்கு மறுநாள் மாலை 4 வரை அறை. வரும் தேதி, போகும் தேதி என்று இரண்டு ஃபீல்டு மட்டும் போட்ட புராஜெக்ட் இங்கேயே படுத்துவிடும். நேரமும் வேண்டும்.

இந்த மென்பொருளின் உயிர்நிலை ஒன்றே ஒன்றுதான்: ஒரே அறையை ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குக் கொடுக்கக் கூடாது. முகூர்த்த நாளுக்கு முந்தைய இரவு என்று வைத்துக்கொள். மீதி இருப்பது 204ஆம் அறை மட்டும். ரிசப்ஷனில் ஒருவர் போனில் கேட்டவருக்குப் பதிவு செய்கிறார். அதே நொடி இன்னொருவர் மொபைலில் பதிவு செய்கிறார். உன் புரோகிராம் இருவருக்காகவும் ‘காலியா?’ என்று பார்க்கிறது. இரண்டு முறையும் ‘காலி’ என்றே விடை. இரண்டையும் எழுதிவிடுகிறது. பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே உள்ள அந்தச் சில மில்லி விநாடிதான் வில்லன். மறுநாள் வாசலில் பெட்டியோடு நிற்கும் இரண்டு குடும்பங்களுக்குப் பதில் சொல்லப்போவது நீ அல்ல, அந்த ரிசப்ஷன்காரர்.

இரண்டு பதிவுகள் மோதுகின்றனவா என்று பார்க்கப் பலர் நான்கைந்து இஃப் எழுதுகிறார்கள். ஒரு வரி போதும்: புதியவர் வருவது பழையவர் போவதற்கு முன்பும், புதியவர் போவது பழையவர் வந்ததற்குப் பின்பும் இருந்தால் மோதல். ஆனால் இந்தச் சோதனையை நோடிலோ ஜாங்கோவிலோ வைத்தால் மேலே சொன்ன மில்லி விநாடி இடைவெளி அப்படியே இருக்கும். காவலை டேட்டாபேஸிலேயே போடு. போஸ்ட்கிரெஸில் எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட் என்று ஒன்று உண்டு. அறை எண் ஒன்றாக இருந்து, கால இடைவெளியும் மோதினால் அந்த வரியை ஏற்காதே என்று டேபிளுக்கே சொல்லிவிடலாம். இடைவெளியை ரேஞ்ச் டைப்பாக வைக்க வேண்டும். 2012இல் வந்த 9.2 பதிப்பிலிருந்தே அது இருக்கிறது. தொடக்கம் சேரும், முடிவு சேராது என்பதே அதன் இயல்பு. அதனால் 4 மணிக்குப் போகிறவரும் 4 மணிக்கு வருகிறவரும் மோத மாட்டார்கள். (நடுவில் அறையைக் கூட்டிப் பெருக்க அரை மணி வேண்டும் என்பதை ரூம் பாயைக் கேட்டால் சொல்வார், அதையும் இடைவெளியில் சேர்த்துவிடு.) ரத்தான பதிவுகளை இந்த விதியிலிருந்து விலக்க மறக்காதே.

இதில் ஒரு சிக்கல் உண்டு. முன்பதிவு செய்பவர் ‘204 வேண்டும்’ என்று கேட்பதில்லை. ‘ஏசி டபுள்’ என்றுதான் கேட்கிறார். உள்ளுக்குள் ஓர் அறையை ஒதுக்கி வை, எண்ணை மட்டும் அவரிடம் சொல்லாதே. டேட்டாபேஸ் மறுத்தால் அதே வகையில் அடுத்த அறையை முயற்சி செய். எல்லாம் தீர்ந்தால் மட்டும் ‘அறை இல்லை’ என்று காட்டு.

பணத்தை ஃப்ளோட்டில் வைக்காதே. பைசாவாக முழு எண்ணில் வை. வரி விகிதத்தைக் கோடுக்குள் எழுதிவிடாதே. நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 12 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆனது. எந்த நாளிலிருந்து எந்த விகிதம் என்று தனி டேபிள் வை. பில் போட்ட அன்றைய விகிதத்தைப் பில்லிலேயே பதிந்து வை. இல்லாவிட்டால் ஆகஸ்ட் மாத பில்லை மறுபடி பிரின்ட் எடுக்கும்போது தொகை மாறி வரும். ஆடிட்டர் உன்னைத் தேடி வருவார்.

விருந்தினரின் ஆதார் நகலைச் சர்வரில் யாரும் திறக்கக்கூடிய ஃபோல்டரில் போட்டு வைக்காதே. கடைசி 4 எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் இருக்கிறது, அதை வாங்கு. பாஸ்வேர்டுக்கு பிகிரிப்ட். லாகின், டேஷ்போர்டு எல்லாம் யூடியூப் பார்த்தே செய்துவிடலாம், அவற்றைப் பற்றி நான் எழுதவில்லை.

முடிந்ததும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, ஓர் அறை மட்டும் மீதியிருக்கும் வகைக்கு, ஒரே இரவுக்கு 50 கோரிக்கைகளை ஒரே நேரத்தில் அனுப்பிப் பார். ஒன்று மட்டும் ஏற்கப்பட்டு 49 திரும்ப வேண்டும். வைவாவில் கலர் கலரான ஸ்கிரீனுக்கு முன் இதைக் காட்டு. எனக்கு முதலில் டேபிள் வரைபடத்தை அனுப்பு. ஸ்கிரீன்ஷாட் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அண்ணன்