பூவும் கீரையும் உலர்த்துதல்: வெயிலா, நிழலா?

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து எல்லைப்புறக் கிராமங்களில் முருங்கை நிற்காத விளை அரிது. வேலியோரத்தில் செம்பருத்தியும் முற்றத்தில் துளசியும் காணப்படும். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் இப்பக்கத்தில் மாநில எல்லை வகுக்கப்பட்டது. ஆயினும் அடுக்களைப் பழக்கம் இருபுறமும் பெரிதும் ஒன்றே. மழையும் அவ்வாறே: இடவப்பாதியில் ஒன்று, துலாத்தில் மற்றொன்று. உலர்த்தும் வேலைக்கு இங்கு இடையூறாக நிற்பது இந்த ஈரக் காற்றேயாகும்.

வெயிலில் பாய் விரித்துக் காயவைத்த முருங்கையிலை விரைவில் நொறுங்கும் பதம் அடையும்; ஆனால் நிறம் வெளிறிவிடும். ஒளியும் பிராணவாயுவும் சேர்ந்து இலையிலுள்ள கரோட்டீனையும் சிதைக்கின்றன. உடல் கரோட்டீனைக் கொண்டு வைட்டமின் 'ஏ'யை ஆக்கிக்கொள்கிறது. அவ்வைட்டமின் குறைந்தால் குழந்தைகளுக்கு மாலைக்கண் தோன்றும். வெளிறிய பொடி வயிற்றை நிரப்பலாம்; கண்ணைக் காக்கும் ஆற்றல் அதில் குறைவு. வைட்டமின் 'ஸி'யோ வீட்டு முறைகள் எவற்றாலும் பெருமளவு அழிந்துபோகும்.

ஆகவே நிழலில் உலர்த்துமாறு கூறுவது வழக்கம். வறண்ட ஊருக்கு அது நல்ல அறிவுரை. காற்றின் ஈரப்பதம் 85 சதவிகிதமாக இருக்கையில், எத்தனை நாள் நிழலில் கிடந்தாலும் இலையின் ஈரம் 10 சதவிகிதத்துக்கு இறங்காது. அதற்குள் இலை கறுக்கும், பூஞ்சணமும் பிடிக்கும். அடுப்பின் மேலுள்ள பரணில் வைப்போரும் உண்டு. காய்வது காயும், துளசி புகை நாறும்.

இதற்குப் பரிகாரம் காற்றைச் சூடாக்குவதே. 28 டிகிரி சென்டிகிரேடில் 85 சதவிகித ஈரப்பதமுள்ள காற்றை 45 டிகிரிக்குச் சூடாக்கினால், நீராவியின் அளவு மாறாமலே ஈரப்பதம் சுமார் 34 சதவிகிதமாகக் குறைகிறது. கண்ணாடி மூடிய சாய்வான கறுப்புத் தட்டில் சூடேறிய காற்று, ஒளி புகாத பெட்டியிலுள்ள வலைத்தட்டுகளின் ஊடே ஏறி மேலே வெளியேறுமாறு அமைத்தால், வெயிலின் வேகமும் நிழலின் காப்பும் ஒருங்கே கிட்டும். விடாமழை நாளில் இப்பெட்டியும் உதவாது. தை முதல் பங்குனி வரையே இதற்கு ஏற்ற காலம்.

முருங்கையிலையை முதலில் ஓரிரு நிமிடம் ஆவியில் காட்டினால் நொதிகள் செயலிழக்கும். கரோட்டீன் நன்கு நிலைக்கும். துளசிக்கு இது கூடாது. அதன் மணத்தைத் தரும் எண்ணெய் ஆவியோடு போய்விடும். செம்பருத்தியிதழின் சாயமோ நீரில் கரையும். எனவே இதழைக் கழுவியவுடன் நீரை வடித்து, ஒற்றை அடுக்காகப் பரப்ப வேண்டும்.

பதம் அறியத் தராசே போதும். 1 கிலோ முருங்கையிலையில் 750 கிராம் நீர் எனக் கொண்டால், எஞ்சிய 250 கிராம் திடப்பொருள் 10 சதவிகித ஈரத்தோடு சுமார் 278 கிராம் நிறுக்கும். அதற்கு மேல் நின்றால் இன்னும் காயவேண்டும்.

ஆசிரியர்கள் வகுப்பிலேயே செய்துகாட்டக்கூடிய சோதனை ஒன்றுண்டு. வெயிலிலும் பெட்டியிலும் காய்ந்த செம்பருத்தியிதழ்களைச் சம எடையில் எடுத்து, சம அளவு வெந்நீரில் தனித்தனியே ஊறவைத்து, எலுமிச்சைச் சாறு சில துளி விட வேண்டும். சாயம் மிகுதியாக எஞ்சிய இதழின் நீரே ஆழ்ந்த சிவப்பாகும்.

காய்ந்த சரக்கை ஆறிய பின்னரே ஒளி புகாத டப்பாவில் அடைக்க வேண்டும். சூட்டோடு அடைத்தால் மூடியின் உட்புறம் வியர்த்து, அந்த ஈரத்திலேயே பூஞ்சணம் மீண்டும் தொடங்கும்.