மைக்கிலும் கைப்பேசியிலும் ஒரே முகம்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் யாராவது பேட்டி கொடுத்தால், அவர் வாய்க்கு முன்னால் வரிசையாக மைக்குகள் நீளும். அந்த இடத்தில் ஒரு செய்தி நிறுவனத்துக்கு மைக்கில் மாட்டிய பெயர்க் கட்டையான மைக் ஐடியைத் தவிர வேறு முகம் இல்லை. ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான செய்திகளைத் தரும் ஒரு சிறு ஊடக நிறுவனத்தின் தோற்றத்தை மாற்றும் வேலை வந்தபோது, நான் முதலில் வரைந்தது அதைத்தான். அலுவலக வாசலுக்கான பெயர்ப்பலகை கடைசியில்தான் வந்தது.

சிறியதிலும் மோசமான வெளிச்சத்திலும் நிற்கிற வடிவம் பெரியதில் தானாக நிற்கும். மாற்றிச் செய்தால் நடக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, எங்கள் பகுதியில் நான் பார்த்த செய்திகளில் பாதி வாட்ஸப்பில் வந்த ஸ்கிரீன்ஷாட்டுகள். மூலை லோகோ வெட்டுப்பட்டிருக்கும். எனவே செய்தி யாருடையது என்பதை லோகோ மட்டும் சொன்னால் போதாது. தலைப்பின் எழுத்துருவும் அதற்குப் பின்னால் ஓடும் பட்டையும் சேர்ந்து சொல்ல வேண்டும்.

எழுத்துருவில்தான் எங்கள் வேலையின் பெரும்பகுதி போனது. சந்தையில் கிடைக்கும் டெம்ப்ளேட்டுகள் ஆங்கிலத்துக்கு அளவெடுத்தவை. தமிழை அதில் கொட்டினால் ‘கீ’யின் சுழி மேலே வெட்டுப்படும், ‘மு’வின் வால் கீழ்வரியில் இடிக்கும். வரி இடைவெளியைத் தாராளமாக விட்டே ஆக வேண்டும். திருவொற்றியூர் என்பது ஏழே எழுத்து; ஆனால் ‘வொ’ ஒன்றே மூன்று எழுத்தின் இடத்தைப் பிடிக்கும். யூடியூப் தம்ப்நெயிலில் அந்தப் பெயர் ஒரே வரியில் அடங்குகிறதா என்பதையே எல்லா எழுத்துருவுக்கும் தேர்வாக வைத்தேன். அடுத்தது தடிமன். மிகத் தடித்த எழுத்தில் சுழிகள் அடைத்துக்கொள்ளும். சின்னத் திரையில் ‘ன’வும் ‘ண’வும் ஒன்றாகத் தெரியும். தலைப்புக்கு நடுத்தரத் தடிமனே போதும், அளவைக் கூட்டுங்கள். முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான் மூன்றும் கட்டணமில்லாமல் கிடைக்கும் நல்ல எழுத்துருக்கள்; பல தடிமன்களும் உண்டு. அச்சுக்கு ஒரு பழைய குறியாக்க எழுத்துரு, இணையத்துக்கு யூனிகோடு என்று இன்னமும் ஓட்டுபவர்கள் முதலில் அச்சையும் யூனிகோடுக்குக் கொண்டுவாருங்கள். தமிழக அரசே 2010இல் யூனிகோடை ஏற்றுவிட்டது. அந்த மாற்றம் முடியாமல் ஒரே முகம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

நிறம் நம் மாநிலத்தில் வெறும் நிறமல்ல. கறுப்பும் சிவப்பும் அருகருகே வந்தால் வடசென்னையில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. 2024 ஏப்ரலில், மக்களவைத் தேர்தல் நடந்துகொண்டிருந்தபோது, டிடி நியூஸ் தன் சிவப்பு லோகோவைக் காவியாக்கியது. தமிழக முதல்வர் உள்படப் பலர் கண்டித்தார்கள். நல்ல நிறம்தான் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. எந்த நிறத்தை எடுத்தாலும், அதை எந்தக் கட்சிக் கொடியோடு சேர்த்துப் பார்ப்பார்கள் என்று வெளியாள் நான்கு பேரிடம் காட்டிக் கேளுங்கள்.

பெயரை மாற்றுவதில் இன்னும் நிதானம் வேண்டும். 2024 ஜனவரி 19 அன்று தூர்தர்ஷனின் பொதிகை தொலைக்காட்சி டிடி தமிழ் ஆனது. எங்கள் தெருப் பெரியவர்கள் இப்போதும் பொதிகை என்றே சொல்கிறார்கள். ஆனாலும் அது யாருடைய சானல் என்ற குழப்பம் வரவில்லை. காரணம், அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவன மாணவராக இருந்த தேவாஷிஷ் பட்டாச்சாரியா 1970களில் வரைந்த கண் சின்னம் பெயரோடு சேர்ந்து மறையவில்லை. பெயர், சின்னம், நிறம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றுவது தவறு என்பது என் உறுதியான கருத்து. எங்கள் வேலையில் அந்த ஊடக நிறுவனத்தின் பெயரையும் பழைய நீலத்தையும் தொடவில்லை. பழைய வாசகர்கள் அதனால்தான் கூடவே வந்தார்கள்.

கடைசியாக, விதிகளைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். தடித்த ஆங்கில பிடிஎஃப்பை இரவு ஷிப்டில் செய்திக் கார்டு போடும் பையன் திறக்க மாட்டான். பத்து நிமிடத்தில் செய்தி வெளியே போயாக வேண்டும். எந்த அளவு, எந்த நிறம், தலைப்பில் அதிகபட்சம் எத்தனை சொல் என்று சொல்லும் அந்தப் பக்கம் அவன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கட்டும். புதிய தோற்றத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை அவன் பயிற்சிக்கும் கொடுங்கள்.