செவி திறக்கும் இணையம்

நுழையும்முன்

தாய்மொழி செவிவழிப் புகுந்து நாவில் மலர்கிறது. அயல்மொழியோ பெரும்பாலும் பாடநூலின் எழுத்தாகவே அறிமுகமாகிறது. போதிய அளவு கேட்டிராத மொழியைப் பேசத் தயங்குவது இயல்பே. கேட்கும் வாய்ப்பை இன்று இணையம் சிற்றூர்களுக்கும் கொண்டுவந்துள்ளது. அவ்வாய்ப்பைக் கல்வியாக மாற்றும் வழிகளை இப்பாடம் விளக்குகிறது.

தேவை எழுந்த சூழல்

கோவையின் பம்புசெட்டுகளும் திருப்பூரின் பின்னலாடைகளும் ஈரோட்டின் மஞ்சளும் கடல் கடந்து செல்கின்றன. அவற்றுக்கான கடிதங்களும் ஒப்பந்தங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைகின்றன. உயர்கல்வியிலும் இதே நிலைதான். 1951இல் தொடங்கப்பட்ட பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரி, 1971இல் உருவான தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் முதலிய நிறுவனங்கள் கோவையைக் கல்வி நகரமாக்கியுள்ளன. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020ஆம் ஆண்டும், பொறியியல், வேளாண்மை முதலிய தொழிற்படிப்புகளில் 2021ஆம் ஆண்டும் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு வழங்கப்பட்டது.

இதனால் கல்லூரியின் கதவு திறந்தது. எனினும், தமிழ்வழியில் பயின்ற மாணவர் பலர் முதல் நாள் ஆங்கில விரிவுரையில் திகைத்து நிற்கின்றனர். கணக்கைத் தீர்க்கத் தெரிந்தவர்க்கு வினாவே விளங்காமல் போகிறது. இது அறிவின் குறை அன்று. அம்மொழியைக் கேட்டுப் பழகாமையின் விளைவு.

வானொலி முதல் திறன்பேசி வரை

ஒலிவழியே ஆங்கிலம் கற்பிக்கும் முயற்சி புதியதன்று. பிபிசி நிறுவனம் 1943இல் வானொலி வழியாக ஆங்கிலப் பாடங்களை ஒலிபரப்பத் தொடங்கியது. ஆனால், வானொலியில் தவறவிட்ட சொல்லை மீண்டும் கேட்க இயலாது. இணையம் இக்குறையைப் போக்கியது. கற்பவர் விரும்பும் இடத்தில் நிறுத்தலாம். விளங்கும்வரை திரும்பக் கேட்கலாம்.

இந்திய அரசின் திக்ஷா தளம் 2017 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டது. 2018-19ஆம் கல்வியாண்டில் வெளிவந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் இடம்பெற்றன. 2019இல் கல்வித் தொலைக்காட்சி தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. பிரிட்டிஷ் கவுன்சில், பிபிசி ஆகியவற்றின் ஆங்கிலப் பாடங்களும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

எழுத்து மறைப்பதை ஒலி காட்டும்

தமிழில் 'ப' என்னும் ஓர் எழுத்து 'பல்' என்பதில் வல்லொலியாகவும், 'அம்பு' என்பதில் மெலிந்தும் ஒலிக்கிறது. இடத்தைப் பொறுத்தே ஒலி மாறுவதால் தமிழுக்கு ஓர் எழுத்தே போதுமானது. ஆங்கிலத்தில் இவ்விரண்டும் வெவ்வேறு எழுத்துகள், பொருளையே மாற்றுபவை. குண்டூசியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் குப்பைத்தொட்டியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் தமிழில் எழுதும்போது 'பின்' என ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே, ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்துவைத்து மனப்பாடம் செய்வது மட்டும் போதாது. ஒலியுடன் கூடிய இணைய அகராதி இவ்வேறுபாட்டைக் காதுக்கு உணர்த்துகிறது.

அழுத்தமும் அவ்வாறே. 'ரெக்கார்டு' என்னும் சொல் பெயராக வரும்போது முதல் அசையும், வினையாக வரும்போது இரண்டாம் அசையும் அழுத்தம் பெறுகின்றன. அச்சில் ஒன்றாகத் தோன்றும் இவற்றைச் செவியே பிரித்தறியும்.

பணிவும் மொழிபெயர்ப்பும்

கொங்குத் தமிழில் 'ஏனுங்க', 'சொல்லுங்க' எனச் சொல்தோறும் மரியாதை ஒட்டிவரும். ஆங்கிலத்தில் நீ, நீங்கள் இரண்டிற்கும் 'யூ' என்னும் ஒரே சொல்தான். "தண்ணி கொடுங்க" என்பதை "கிவ் மீ வாட்டர்" எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பணிவு மறைந்து கட்டளை எஞ்சும். "குட் ஐ ஹேவ் சம் வாட்டர், ப்ளீஸ்?" என்பதில் தொடரின் அமைப்பே பணிவைச் சுமக்கிறது. இயந்திர மொழிபெயர்ப்பு சொல்லைத் தரும். யாரிடம், எந்தச் சூழலில் பேசுகிறோம் என்பதை அதனிடம் எப்போதும் எதிர்பார்க்க இயலாது. உரையாடல் காணொலிகளைச் சூழலோடு கண்டு பழகுவதே இதற்குரிய வழியாகும்.

தெரிந்து தெளிவோம்

சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியத்தின் தலைமைப் பதிப்பாசிரியர் அ. சிதம்பரநாதன் செட்டியார். இந்நூலை இன்று இணையத்தில் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

தாய்மொழி என்னும் பாலம்

கருத்து முன்பே விளங்கியிருந்தால் அயல்மொழிச் சொல் எளிதில் பொருந்தும். இதற்குத் துணைநிற்கும் செல்வமும் கொங்குநாட்டவர் உழைப்பில் விளைந்ததே. திருப்பூரில் பிறந்த தி.சு. அவினாசிலிங்கம் தலைமையிலான தமிழ் வளர்ச்சிக் கழகம், ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்த பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, தமிழ்க் கலைக்களஞ்சியத்தை 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. அது இன்று இணையத்தில் படிக்கக் கிடைக்கிறது. மின்னோட்டம் பற்றித் தமிழில் படித்துத் தெளிந்த மாணவர், அதே பொருள் குறித்த ஆங்கிலக் காணொலியைக் கேட்கும்போது பாதி வழியை முன்னரே கடந்தவராகிறார்.

ஆசிரியரின் இடம்

காணொலியை ஓடவிடுவது மட்டும் கற்பித்தல் ஆகாது. இரண்டு நிமிடப் பகுதி ஒன்றை ஆசிரியர் தேர்ந்தெடுத்தல் வேண்டும். முதலில் எழுத்துரையின்றிக் கேட்டல், அடுத்து எழுத்துரையுடன் கேட்டல், பின்னர் உடன் சொல்லுதல், இறுதியில் அதே அமைப்பில் தம் ஊரைப் பற்றிப் பேசுதல் என நான்கு படிகளில் மாணவரை அவர் நடத்தலாம். இறுதிப் படியே இன்றியமையாதது. தம் தென்னந்தோப்பையும் தறியையும் பற்றிப் பேசும்போதுதான் அயல்மொழி சொந்தக் கருவியாகிறது.

வீட்டில் ஒரே திறன்பேசி இருந்து, அதுவும் தந்தையுடன் வேலைக்குச் சென்றுவிடும் நிலையும் உண்டு. அத்தகைய மாணவர்க்குப் பள்ளியின் கணினி ஆய்வகம் துணையாக வேண்டும். பாடங்களை முன்பே பதிவிறக்கி வகுப்பில் கேட்கச் செய்வதும் பயன் தரும். பிழையாகப் பேசுபவரைப் பிறர் நகையாமல் காப்பதும் ஆசிரியர் கடமையே. இணையம் நூறு முறை சலிப்பின்றிச் சொல்லிக் காட்டும். தயங்கி எழுந்த முதல் சொல்லைக் கேட்டு ஊக்குவிக்க மனிதச் செவி வேண்டும்.

கற்பவை கற்றபின்…

1. ஒலியால் பொருள் வேறுபடும் ஐந்து ஆங்கிலச் சொல் இணைகளை இணைய அகராதியில் கேட்டு, வகுப்பில் ஒலித்துக் காட்டுக.
2. உங்கள் ஊர்த் தொழில் ஒன்றைப் பற்றித் தமிழில் எழுதி, அதனை இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேசுக.
3. கொங்குத் தமிழ்த் தொடர் ஒன்றின் இயந்திர மொழிபெயர்ப்பில் மரியாதைப் பொருள் எவ்வாறு மாறுகிறது எனக் கலந்துரையாடுக.