கடலை ஒரு வாசல், எண்ணெய் ஒரு வாசல்

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், நம்ம நிலக்கடலையை நாமே ஆட்டி விற்போம் என்று மரச்செக்கு போட்டேன். கரண்ட் பெட்டி இருந்த இடத்தில் செக்கு. மற்றதெல்லாம் கிடைத்த இடத்தில். பருப்பு பொறுக்கும் அக்கா கூடையோடு செக்கைச் சுற்றிப் போகும்போது, எண்ணெய்த் தரையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். வைத்தியச் செலவை நான் ஏற்றேன். ஆனால் தப்பு தரையில் இல்லை, நான் வைத்த வரிசையில்.

அன்று ராத்திரி கொட்டகையைத் தாளில் வரைந்து, ஒரு மூட்டைக் கடலை பாட்டிலாக வெளியேறும் வரை போகிற வழியைப் பென்சிலால் இழுத்துப் பார்த்தேன். சிக்கல் விழுந்த நூல்கண்டு மாதிரி இருந்தது. கொட்டகை நீளம் 40 அடி. கடலை நடந்ததோ 140 அடி!

டொயோட்டா ஆலையின் டாயிச்சி ஓனோ, பொருளை வீணாக நகர்த்துவதையும் ஆள் வீணாக நடப்பதையும் விரயக் கணக்கில் சேர்த்தவர். அதே கணக்கு நம்ம கொட்டகைக்கும் பொருந்தும். நான் மாற்றிய வரிசை இது:

1. கிழக்கு வாசல்: நன்றாகக் காய்ந்த கடலை மூட்டைகள். பலகை மேல், சுவரை ஒட்டாமல்.

2. உடைக்கும் மெஷின்: வெளித் தாழ்வாரத்தில். முன்பு இதன் தூசி எண்ணெய் ட்ரம்மில் படிந்தது.

3. பொறுக்கும் மேசை: ஜன்னல் வெளிச்சத்தில், இடுப்பு உயரத்தில். பூஞ்சை பிடித்த பருப்பில் அஃப்ளடாக்சின் நச்சு இருக்கலாம். அதைத் தனி டப்பாவில் போட்டு அப்புறப்படுத்துங்கள். மாட்டுக்கும் போடாதீர்கள், நச்சு பாலில் இறங்கும்.

4. செக்கு: புண்ணாக்கு பக்கவாட்டு வாசல் வழியாக வெளியே.

5. தெளிய வைக்கும் எவர்சில்வர் ட்ரம், வடிகட்டல், பாட்டில், மேற்கு வாசல்.

போன பொருள் திரும்பி வரக்கூடாது, ஒரு பாதை இன்னொன்றைக் குறுக்கிடக்கூடாது. இவ்வளவுதான் விதி. கூலிக்கு ஆட்டுபவர்கள், ரசாயனக் கடலைக்குத் தனி நாள் ஒதுக்கி, முடிந்ததும் செக்கைச் சுத்தம் செய்யுங்கள். இல்லாவிட்டால் இயற்கை எண்ணெய் என்று சொல்லி விற்க நமக்கு யோக்கியதை இல்லை.

இப்போது கடலை நடப்பது 55 அடிதான். ஆனால் கான்கிரீட்டை உடைத்து செக்கை நகர்த்தியது தண்டச் செலவு. புதிதாகப் போடுகிறவர்கள் முதலில் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, காலி மூட்டையைத் தூக்கி நடந்து பாருங்கள். அதன் பிறகு போல்ட் முறுக்கலாம்.

கை கூடி வந்த அக்கா, புது மேசையைப் பார்த்துவிட்டு, "இத மொதல்லயே செஞ்சிருக்கலாமே சார்" என்றார்.

செய்திருக்கலாம்.