செவிசாய்க்கும் நாய்

கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையத்திற்கு அண்மையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்தது கோம்பை என்னும் ஊர். அவ்வூர்ப் பெயரைக் கேட்டவுடன் தேனி மாவட்டத்தார்க்கு நாயே நினைவிற்கு வரும். செந்நிற மேனியும் கரிய முகமும் உடைய கோம்பை நாய் வேட்டைக்கும் காவலுக்கும் பெயர் பெற்றது. அயலார் வாயிலை நெருங்கினால் அது வாளா இராது. நாயை ஞமலி என்றும் ஞாளி என்றும் நம் புலவர்கள் வழங்கிய காலந்தொட்டு இவ்விரண்டுமே அதன் தொழில்கள். அண்மைக் காலத்தில் நாய்க்குப் புதியதொரு தொழில் வாய்த்துள்ளது. சிறுவர் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருத்தலே அது.

இது நகைப்பிற்கு இடமாகத் தோன்றலாம். ஆயினும், வகுப்பில் எழுந்து நின்று உரக்கப் படிக்கும் மாணவனை எண்ணிப் பாருங்கள். வீட்டில் தடையின்றிப் படித்தவன், பலர் முன்னிலையில் நாத் தழுதழுக்கின்றான். 'மழை' என்பதை 'மளை' என்று கூறிவிட்டால் பின்வரிசையில் சிரிப்பொலி எழுகின்றது. (சிரிப்பவருள் பலர் அச்சொல்லை அவ்வாறே ஒலிப்பவர் என்பது வேறு செய்தி!) மறுநாள், தன் முறை வருமுன்பே அவன் தலை கவிழ்ந்துகொள்கின்றான். அவன் நாவைக் கட்டுவது எழுத்தறியாமை அன்று. கேட்போர்பால் உள்ள அச்சமே.

இவ்வச்சம் உடலிலும் புலப்படும். எரிக்கா பிரீட்மன் முதலிய ஆய்வாளர்கள் 1983ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில் 38 சிறாரின் இரத்த அழுத்தத்தை அளந்தனர். வாளா அமர்ந்திருந்தபோது இருந்ததைவிட, உரக்கப் படித்தபோது அழுத்தம் மிகுந்தது. அருகில் நாய் ஒன்று இருந்தபோதோ, இரு நிலையிலும் அது குறைந்து காணப்பட்டது.

1999ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில் இண்டர்மவுண்டன் தெரபி அனிமல்ஸ் என்னும் அமைப்பு, நாயைக் கேட்பாளராகக் கொண்ட படிப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. உடல்நலமும் சாந்த குணமும் சோதித்துத் தேர்ந்த நாய், நூலக மூலையில் விரிப்பின்மீது படுத்திருக்கும். அதனைப் பழக்கியவர் உடனிருப்பார். சிறுமி ஒருத்தி படிக்கையில் ஒரு சொல்லில் இடறினால், "இச்சொல் இதற்கு விளங்கவில்லை போலும், நீ பொருள் கூறுவாயா?" என்று அவர் வினவுவார். அக்கணமே மாணவி ஆசிரியை ஆகிவிடுகின்றாள்! நாய்க்குக் கற்பிக்கும்பொருட்டு அச்சொல்லை மீண்டும் எழுத்துக்கூட்டுகின்றாள்; படத்தை அதன் பக்கம் திருப்பிக் காட்டுகின்றாள். நாய் நகைப்பதில்லை, விரைவுபடுத்துவதுமில்லை. ழகர ளகர வேற்றுமையை அது அறியுமோ? அதனைக் கற்பிக்க ஆசிரியரே வேண்டும். எனினும், மாணவர் வாய் திறந்த பின்னரன்றோ ஆசிரியர் பிழை திருத்த இயலும்?

சென்னையில் இந்தியப் புளூ கிராஸ் சங்கமும் 'டாக்டர் டாக்' என்னும் திட்டத்தின்வழிப் பழக்கிய நாய்களைச் சிறாரிடம் அழைத்துச் சென்றதுண்டு.

கோம்பை நாய் இத்தொழிற்கு ஏற்றதோ எனின், அயலாரை ஐயுறும் காவல் நாயை அறிமுகமற்ற சிறார் நடுவே கொணர்தல் தகாது. ஆனால், தான் வளர்ந்த வீட்டுப் பிள்ளையோடு அது பழகும் விதம் வேறு. வெறிநோய்த் தடுப்பூசி இடப்பெற்ற அத்தகைய நாயின்முன், பெரியோர் அருகிலிருக்க, திண்ணையில் அமர்ந்து ஒரு பக்கம் உரக்கப் படிக்கலாம். தெருநாயிடம் இதனைச் செய்துபார்க்க வேண்டா. உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் நெருங்க வேண்டா. பாடத்தின் நடுவே அது எழுந்து சென்றுவிட்டால், பின்தொடராது எஞ்சிய பகுதியை நாளைக்கு வைத்துக்கொள்க.