அறிவோம் கணினி: சுவிட்சுக்குள்ளே ஒரு பங்கீட்டுக் கணக்கு

நம்ம கம்ப்யூட்டர் லேப் மூலையில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு ஒரு பெட்டி இருக்கே, அதுதான் நெட்வொர்க் சுவிட்ச். (ஃபேன் சுவிட்ச் இல்லீங்க!) எல்லா கேபிளும் இதில்தான் வந்து சேரும். கேபிள் செருகும் இடத்துக்குப் போர்ட் என்று பெயர். நொடிக்கு எவ்வளவு தகவல் போக முடியுமோ அதுதான் பேண்ட்வித்.

போர்ட்டில் ‘10 ஜிகாபிட்’ என்று போட்டிருந்தால் எப்பவும் அவ்வளவு கிடைக்குமா? அங்கேதான் கணக்கு இருக்கு. தெருவில் நாலு குழாய் இருந்தாலும் மண்ணுக்கடியில் மெயின் பைப் ஒண்ணுதான். ஒரு குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும். நாலையும் திறந்தால்?

நான் படித்த ஒரு நிஜ உதாரணம் சொல்றேன். சிஸ்கோ நிறுவனத்தின் நெக்சஸ் 7000 என்ற பெரிய சுவிட்சுக்கு 32 போர்ட் கொண்ட ஒரு அட்டை வந்தது. ஒவ்வொரு போர்ட்டும் 10 ஜிகாபிட்.

32 × 10 = 320

ஆனால் அட்டையிலிருந்து சுவிட்சுக்குள் போகும் பாதை 80 ஜிகாபிட்தான்.

320 ÷ 80 = 4

அதனால் நாலு நாலு போர்ட்டாக 8 குழு. குழுவுக்கு 10 ஜிகாபிட். அதைக் கொடுக்க இரண்டு வழி:

1. ஷேர்டு: நாலு போர்ட்டும் பகிர்ந்துகொள்ளும். ஒன்று மட்டும் வேலை செய்தால் அதற்கே 10. நாலும் முழுசாகக் கேட்டால் ஆளுக்கு 2.5.
2. டெடிகேட்டட்: குழுவின் முதல் போர்ட்டுக்கே முழு 10. மற்ற மூன்றும் மூடப்படும்.

அப்போ ஷேர்டு என்பது ஏமாற்று வேலையா? இல்லை. பெரும்பாலும் எல்லாரும் ஒரே நொடியில் முழு வேகம் கேட்பதில்லை. கேட்டால்தான் சிக்கல். தகவல் பொட்டலங்கள் பஃபரில் வரிசையாகக் காத்திருக்கும். பஃபரும் நிரம்பினால் சில பொட்டலங்கள் தொலையும், மறுபடி அனுப்பணும்.

25 கம்ப்யூட்டர் உள்ள லேபில் ஆன்லைன் தேர்வு என்று வைத்துக்கோங்க. சர்வருக்கு 1 ஜிகாபிட் போர்ட். 100 மெகாபைட் (800 மெகாபிட்) வீடியோவை எல்லாரும் ஒன்றாகத் திறந்தால் ஆளுக்கு 40 மெகாபிட். வந்து சேர 20 நொடி! கடிகாரம் ஓடும் தேர்வில் 20 நொடி சும்மாவா? படிச்சிட்டு வந்தவனும் திரையைப் பார்த்துக்கிட்டு உட்காரணும். கம்ப்யூட்டர்களின் போர்ட் அப்படியே இருக்க, சர்வர் போர்ட்டை மட்டும் 10 ஜிகாபிட் ஆக்கினால் கணக்குப்படி 2 நொடி போதும்.

ஆக, எல்லாருக்கும் சமமாகப் பிரிப்பது மட்டும் பங்கீடு இல்லை. எல்லாரும் எதை நம்பி இருக்காங்களோ, அந்தப் போர்ட்டுக்கு முதலில் முழுப் பங்கு கொடுக்கணும். சுவிட்ச் வாங்கும்போது வெளியே உள்ள எண்ணோடு உள்ளே உள்ள பாதையையும் கேளுங்க.

யோசிங்க: மேலே சொன்ன அட்டையில் 3 குழுவை டெடிகேட்டட் ஆக்கி, 5 குழுவை ஷேர்டாக விட்டால் எத்தனை போர்ட் வேலை செய்யும்?

(விடை: 3 + 20 = 23)