வீடியோ ஓடினால் போதுமா? ஆன்லைன் பாடத்தைக் கையால் படிப்பது எப்படி

ஆன்லைன் பாடம் ஒன்றில் சேர்ந்து, முதல் இரண்டு வாரம் ஆர்வமாக வீடியோ பார்த்துவிட்டு, மூன்றாவது வாரம் "அப்புறம் பாத்துக்கலாம்" என்று மூடி வைத்தவரா நீங்கள்? அப்படியானால் இந்தப் பாடம் உங்களுக்குத்தான். இப்போதுதான் சேரப் போகிறீர்கள் என்றாலும் படியுங்கள், இன்னும் நல்லது.

நாகர்கோவிலில் இருந்து சென்னை ஐ.ஐ.டி. சுமார் 700 கிலோமீட்டர். ஆனால் அங்கே ஒரு பேராசிரியர் நடத்தும் பாடம், கோணத்திலோ தோவாளையிலோ இருக்கும் உங்கள் கைபேசிக்கு இலவசமாக வருகிறது. கல்லூரி மாணவர்கள் மட்டுமல்ல, கல்யாணத்துக்குப் பிறகு படிப்பை விட்டவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க நினைப்பவர்கள் எல்லோரும் சேரலாம். வாசல் திறந்துதான் இருக்கிறது. சேர்ந்த பிறகு முடிப்பதில்தான் சிக்கல்.

தொலைக்காட்சியில் இருந்து கைபேசிக்கு

வீடியோவில் பாடம் என்பது நமக்குப் புதிதல்ல. பல்கலைக்கழக மானியக் குழுவின் நாடு தழுவிய வகுப்பறை நிகழ்ச்சி 1984 ஆகஸ்ட் 15 அன்று தூர்தர்ஷனில் தொடங்கியது. 2004இல் கல்விக்காகவே எஜுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. 2003இல் ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்.பி.டி.இ.எல். திட்டத்தைத் தொடங்கி, பாடங்களை வீடியோவாக எடுத்து இணையத்தில் வைத்தன. 2014இல் அதே திட்டம் சான்றிதழ் தரும் பாடங்களாக வளர்ந்தது. 2017 ஜூலை 9 அன்று மத்திய அரசின் ஸ்வயம் தளம் தொடங்கப்பட்டது.

இதில் முக்கியமான மாற்றம் எது தெரியுமா? படம் தெளிவாக வந்தது அல்ல. தொலைக்காட்சியில் பாடம் ஒருவழிப் பாதை. அவர் பேசுவார், நாம் பார்ப்போம். இப்போது பாடம் உங்களைக் கேள்வி கேட்கிறது; நீங்கள் பதில் சொல்ல முடிகிறது. தப்பாகச் சொன்னால் திருத்துகிறது. அந்த வசதியைப் பயன்படுத்தாமல் வீடியோவை மட்டும் ஓட விட்டால், நாம் திரும்பவும் 1984க்கே போய்விடுகிறோம்.

ஒரு பாடத்துக்கு நான்கு பகுதிகள்

ஸ்வயம் பாடங்கள் நான்கு பகுதிகளாக அமைக்கப்பட்டிருக்கின்றன:

1. வீடியோ பாடம்
2. படிப்பதற்கான குறிப்புகள் (தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம்)
3. தானே சோதித்துப் பார்க்கும் வினாக்கள், அசைன்மென்ட்
4. சந்தேகம் கேட்கும் கலந்துரையாடல் பகுதி

நம்மில் பலர் முதல் பகுதியோடு நின்றுவிடுகிறோம். சமையல்கட்டில் கைபேசியைச் சாய்த்து வைத்து வீடியோவை ஓட விட்டுட்டு மீன் குழம்பு வைக்கிறது ரொம்ப வசதிதான். பாடமும் ஓடும், குழம்பும் கொதிக்கும். ஆனால் மனதில் என்ன தங்கியது என்று கேட்டால் பதில் வராது.

பார்ப்பதா, செய்வதா?

இது வெறும் அறிவுரை இல்லை. சோதித்துப் பார்த்த விஷயம்.

2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களிடம் ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு குழு அதையே திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு படித்துவிட்டு, பார்க்காமல் நினைவில் இருந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். பார்க்காமல் எழுதிப் பழகியவர்களுக்கே அதிகம் நினைவில் இருந்தது. தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை, வாரங்கள் கழித்துத்தான் வருகிறது என்பதை யோசித்துப் பாருங்கள்.

2015இல் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் ஆன்லைன் உளவியல் பாடத்தின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். கூடுதலாக வீடியோ பார்ப்பது, படிப்பது ஆகியவற்றோடு ஒப்பிட்டால், கூடுதலாகப் பயிற்சிகளைச் செய்வதற்கும் கற்றலுக்கும் இருந்த தொடர்பு ஆறு மடங்குக்கு மேல் வலுவாக இருந்தது.

வீடியோவின் நீளத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. எட்எக்ஸ் தளத்தில் சுமார் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் ஊன்றிப் பார்ப்பது ஏறக்குறைய ஆறு நிமிடம்தான் என்று காட்டியது. உங்கள் பாட வீடியோ அரை மணி நேரம் ஓடுகிறதா? நீங்களே அதை ஐந்தாக உடைத்துக்கொள்ளுங்கள்.

செய்து பார்ப்போம்: கைபேசியில் ஒரு வாரப் பாடம்

• வீடியோவைத் தொடங்கும் முன் அந்த வார அசைன்மென்ட் கேள்விகளை ஒருமுறை படியுங்கள். விடை தெரிய வேண்டாம். எதைத் தேடப் போகிறோம் என்று தெரிந்தால் போதும்.

• ஆறு நிமிடம் பாருங்கள். நிறுத்துங்கள். நோட்டில், பார்க்காமல், இரண்டு வரி எழுதுங்கள். எழுத வரவில்லையா? அந்த இடத்தை மட்டும் திரும்ப ஓட்டுங்கள்.

• வீடியோ நடுவில் கேள்வி வந்தால் தாண்டிப் போகாதீர்கள். தப்பாகவாவது ஒரு பதிலைத் தொட்டுவிட்டு, ஏன் தப்பு என்று பாருங்கள்.

• ஆங்கிலம் வேகமாகப் போகிறதா? வேகத்தை 0.75 ஆகக் குறைக்கலாம். பல என்.பி.டி.இ.எல். பாடங்களுக்கு எழுத்துவடிவம் கிடைக்கிறது. சில பாடங்களுக்குத் தமிழிலும் உண்டு.

• டேட்டா சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதா? பேசுவதைக் கேட்கவும் பலகையைப் படிக்கவும் 360 அளவே பெரும்பாலும் போதும். மழைக்காலத்தில் சிக்னலும் கரண்ட்டும் போகும் பகுதியில் இருப்பவர்கள் வார வீடியோக்களை முன்னதாகவே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

• புரியாததைக் கலந்துரையாடல் பகுதியில் கேளுங்கள். "புரியல சார்" என்று மட்டும் எழுதினால் பதில் கிடைப்பது கடினம். "மூன்றாம் வாரம், இரண்டாம் வீடியோ, இந்தப் படியில் இது எப்படி வந்தது?" என்று எழுதுங்கள்.

அறிவியல் மாணவர்களுக்கு இன்னொரு வசதி. மத்திய அரசின் வர்ச்சுவல் லேப்ஸ் தளத்தில் ஆய்வகச் சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கலாம். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பெட் தளத்தில் பல சோதனைகள் தமிழிலும் இருக்கின்றன, கைபேசியிலேயே ஓடும். மின்சுற்றில் மின்தடையைக் கூட்டினால் மின்னோட்டம் என்ன ஆகும் என்று முதலில் ஊகியுங்கள். பிறகு விரலால் நகர்த்திப் பாருங்கள். ஊகிக்காமல் நகர்த்தினால் அது வெறும் விளையாட்டு.

மதிப்பெண் கணக்கு: இங்கேதான் பலர் தவறவிடுகிறார்கள்

என்.பி.டி.இ.எல். பாடத்தில் அசைன்மென்ட்டுக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75. சான்றிதழ் பெற அசைன்மென்ட்டில் 25க்கு 10ம், தேர்வில் 75க்கு 30ம் தனித்தனியாக எடுக்க வேண்டும்.

12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட் மட்டுமே கணக்கில் வரும். 8 வாரப் பாடத்தில் 6, 4 வாரப் பாடத்தில் 3. ஆகவே காய்ச்சலோ, வீட்டில் விசேஷமோ, ஒரு வாரம் விட்டுப்போனால் பாடத்தையே விட்டுவிடாதீர்கள். அடுத்த வாரத்தில் இருந்து தொடரலாம்.

இப்போது ஒரு கணக்கு. ஒருவர் எல்லா வாரமும் விடைகளை வாட்ஸ்அப் குழுவில் வாங்கி அப்படியே பதிந்தார். அசைன்மென்ட்டில் 25க்கு 25. தேர்வறையில் 28. மொத்தம் 53. சான்றிதழ் உண்டா? இல்லை. தேர்வில் 30 தொடவில்லை. இன்னொருவர் தானே போராடி அசைன்மென்ட்டில் 16 எடுத்தார். தேர்வில் 37. அவருக்கும் மொத்தம் 53தான். ஆனால் அவர் கையில் சான்றிதழ் இருக்கும். இரண்டு பேரும் செலவழித்த வாரங்கள் ஒன்றுதான், கட்டிய கட்டணமும் ஒன்றுதான்.

ஸ்வயத்தில் உள்ள பிற நிறுவனங்களின் பாடங்களுக்கு மதிப்பெண் பிரிப்பு மாறும். உங்கள் பாடத்தின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேரும் முன் மூன்று விஷயம் உறுதி செய்யுங்கள்

முதலாவது, கிரெடிட். 2021ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஒரு செமஸ்டரில் 40 சதவீதம் வரை ஸ்வயம் பாடங்களை எடுக்கப் பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கலாம். "அனுமதிக்கலாம்" என்பதைக் கவனியுங்கள். நீங்கள் எடுக்கும் பாடத்தை உங்கள் கல்லூரியும் பல்கலைக்கழகமும் ஏற்குமா என்று சேரும் முன்பே துறைத்தலைவரிடமோ ஸ்வயம் ஒருங்கிணைப்பாளரிடமோ கேளுங்கள். முடிந்தால் எழுத்தில் வாங்குங்கள். 12 வாரம் படித்த பிறகு "இது கணக்கில் வராது" என்று கேட்பது பெரிய ஏமாற்றம்.

இரண்டாவது, பணம். சேர்வதும் படிப்பதும் இலவசம். சான்றிதழுக்கான தேர்வுக்கு மட்டுமே கட்டணம். அதையும் அதிகாரப்பூர்வத் தளத்தில் மட்டும் கட்டுங்கள். "அட்மிஷன் வாங்கித் தர்றேன், சர்டிபிகேட் வாங்கித் தர்றேன்" என்று யாராவது பணம் கேட்டால் அது மோசடி. ஓ.டி.பி.யைச் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

மூன்றாவது, தேர்வுப் பதிவு. பாடத்தில் சேர்ந்தாலே தேர்வுக்கும் பதிவாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அது தனி, அதற்குத் தனிக் கடைசித் தேதி உண்டு. பதியும்போது நகரப் பட்டியலில் நாகர்கோவில் இருக்கிறதா, இல்லையென்றால் திருநெல்வேலிக்குப் போக வேண்டுமா என்று பார்த்துப் பயணத்தைத் திட்டமிடுங்கள்.

பாடங்கள் பெரும்பாலும் ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இரண்டு முறை தொடங்குகின்றன. புதிதாகச் சேர்பவர்கள் முதலில் ஒரு 4 வாரப் பாடத்தை எடுத்து முடித்துப் பாருங்கள். ஏற்கெனவே சேர்ந்து பாதியில் நிறுத்தியவர்கள் இன்று இரவே தளத்தைத் திறந்து, எத்தனை அசைன்மென்ட் மிச்சம், கடைசித் தேதி எது என்று எண்ணிப் பாருங்கள். எட்டு தேறும் என்றால் உங்கள் பாடம் இன்னும் கைவிட்டுப் போகவில்லை.